பெயரிழந்த கருவியும் மண்ணிழந்த மலையும்

பழங்கருவி ஒன்று கையிற் கிடைத்தவிடத்து அதனை இனங்காண முற்படுவோர் பெரும்பாலும் எழுப்பும் முதல் வினா, "இதனை ஆக்கியவர் யார்?" என்பதாகும். இரண்டாவது வினா, "இன்று இதன் விலை என்ன?" என்பது. "இதனைப் பிடித்த கை யாருடையது? அக்கை எந்நிலத்தில், எவரது கட்டளைப்படி எதனைச் செய்தது?" என்னும் மூன்றாவது வினா எழுவது மிக அரிது. இம்மூன்றாவது வினாவே முதல் வினாவாக அமைதல் வேண்டும் என்பதும், அதனை எழுப்பும் கடப்பாடு தமிழ் பயில்வோர்க்கும் தமிழ் பயிற்றுவோர்க்கும் உண்டு என்பதும், அக்கடப்பாட்டினை நாம் இதுகாறும் தட்டிக்கழித்து வந்துள்ளோம் என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வாதத்திற்கு வாய்ப்பளித்தது பொல்பிட்டியவில் ஓர் அடுப்படிப் பரணிலிருந்து எடுக்கப்பட்ட இரும்புத் துண்டாகும். நான்கு விரற்கடை அகலமுள்ள பட்டை இரும்பு. அதன் ஒரு முனை உள்நோக்கி வளைக்கப்பட்டுள்ளது. மறுமுனை ஒடுக்கப்பட்டுக் கையடக்கமான மரப்பிடியொன்றினுட் செருகப்பட்டுள்ளது. ஆக்கியோன் முத்திரை எதுவும் அதில் இல்லை. வளைந்த விளிம்பின் ஒரு மூலை தேய்ந்து வட்டமாகியிருக்கிறது; மற்றைய மூலை ஏறத்தாழ முழுமையாக உள்ளது. பிடியின் அடிப்பகுதி, கைபட்டுக் கைபட்டுக் கறுத்து மெருகேறியுள்ளது. இளைஞர் பலரிடம் அதனைக் காட்டியபோது ஒருவரேனும் பெயர் கூறினாரல்லர். தேயிலை மலையிற் பிறந்து, தேயிலை மலையில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

பெயர் தெரியாத பொருளுக்குப் பெயரிட முன்வருவோர்க்குக் குறைவில்லை. தேங்காய் துருவும் கருவி என்றார் ஒருவர். மேலே தேயிலையும் கீழே கித்துல்கல, எட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பரும் சூழ்ந்த பிரதேசமாதலின் றப்பர்ப் பால்வெட்டும் கத்தி என்றார் மற்றொருவர். உல்லாச விடுதியாக மாற்றப்பட்ட பழைய துரை பங்களா ஒன்றின் சுவரிலே இதனையொத்த கருவி தொங்குவதை யான் கண்டுள்ளேன்; அதன் கீழிருந்த பெயர்ச்சீட்டு, அது பெருந்தோட்ட முன்னோடிகள் சிங்கோனாப் பட்டை சீவப் பயன்படுத்திய கருவி என அறிவித்தது. இம்மூன்று கூற்றுகளையும் ஒவ்வொன்றாக நோக்குவாம்.

தேங்காய் துருவுவதற்குப் பற்கள் வேண்டும். இவ்விளிம்பிற் பற்களும் இல்லை, பற்கள் தேய்ந்த தடமும் இல்லை. பால்வெட்டும் கத்தியோ மெல்லிய பட்டையை மட்டும் சீவியெடுத்து, மரத்தின் வளர்படையைத் தீண்டாது நிற்றல் வேண்டும். தீண்டினால் மரம் புண்படும், பட்டை மீண்டும் சீராக வளராது. ஆதலின் அதன் வாய் சவரக்கத்தி போற் கூரியதாகவும் ஓரம் மடிந்ததாகவும் இருக்கும். 1906ஆம் ஆண்டில் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் றப்பர்க் கண்காட்சி நடைபெற்ற காலத்திலிருந்து இன்றுவரை கத்தியின் வடிவங்கள் பலவாயினும் இத்தேவை மாறியதில்லை. நம் கருவியின் வாய் மழுங்கியது; மழுங்கிய நிலையிலேயே நெடுங்காலம் உழைத்தது.

சிங்கோனா என்னும் கூற்றே ஓரளவு கற்றோர் கூற்றாகத் தோன்றுவது. 1861இல் அக்கலையில் நடப்பெற்ற சிங்கோனா, கோப்பி நோயுற்று வீழ்ந்த காலத்தில் துரைமாருக்கு இடைக்காலப் புகலிடமாயிற்று. 1886இல் ஒன்றரைக் கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. விலை வீழ்ந்ததும் அது மறைந்தது. பட்டை மீண்டும் வளரும் பொருட்டு மேற்பட்டையை மட்டும் சீவியெடுக்கும் முறையும் அக்காலத்தில் வழங்கியது உண்மையே. ஆயின் பெயர்ச்சீட்டு எழுதியவர் கருவியின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாரல்லர். பொல்பிட்டியக் கருவியின் வளைவின் உட்புறத்தில், விளிம்பிற்குச் செங்குத்தாக, நுண்ணிய கீறல்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மரப்பட்டை இரும்பைக் கீறாது. இரும்பைக் கீறுவது படிகக்கல் மணல் கலந்த மண்ணேயாகும். எனவே இக்கருவி மரத்தைத் தொட்டதன்று, மண்ணைத் தொட்டது. கீறல்களின் திசை, அது கொத்தப்பட்டதன்று, தன்பால் இழுக்கப்பட்டது என்பதையும் உணர்த்தும். மண்வெட்டியின் தொழில் வேறு. இதன் தொழில் வேறு.

இவ்வளவும் கருவியே கூறும் சான்று. எஞ்சியதனைக் கூறியவர், கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். கருவியைக் கையில் வாங்கியதும் அவர், "சுரண்டிதானே தம்பி, பில்லு வெட்டுறது" என்றார். அவர் கூறிய பெயரினும் அவர் செய்து காட்டிய செய்கையே எனக்குப் பெரிதாகப் பட்டது. இஸ்தோப்பிலிருந்து இறங்கி, வீட்டுப் பின்புறச் சரிவிலே குந்தி, மேட்டை நோக்கி முகம் வைத்து, கையை நீட்டிக் கருவியைத் தன் பக்கம் இழுத்தார். தேய்ந்த மூலை மண்ணிற் சரியாகப் பொருந்தியது. எவ்வகை அகராதியும் நூதனசாலையும் தரவியலாத விளக்கம் அரை நிமிடத்தில் முடிந்தது.

சுரண்டி களையெடுக்கும் கருவி. தேயிலை வரிசைகளுக்கிடையே முளைக்கும் புல்லையும் பூண்டையும் மண்ணோடு சேர்த்து வழித்தெடுப்பதே அதன் தொழில். துரைமார் இதனைத் துப்புரவான களையெடுப்பு என்று போற்றினர். நிலத்தில் ஒரு பச்சிலையும் தெரியாதவாறு தோட்டம் பெருக்கிய முற்றம் போலக் காட்சியளிப்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளம் எனக் கோப்பிக் காலத்திலிருந்தே அவர்கள் கொண்டிருந்தனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் அக்கோட்பாடு அழியவில்லை. களையெடுப்பு, ஏக்கர்க் கணக்கிற் கங்காணிமாரிடம் கொந்தராப்பாக விடப்பட்டது. களை ஒருமுறை மண்டிவிட்டால் கொந்தராப்புக்காரனுக்கு நட்டம். ஆகவே மாதந்தோறும் மண்ணை மொட்டையடித்து வைத்தலே அவனுக்கு இலாபம். ஆட்பலம் மிகுந்தும் கூலி குறைந்தும் இருந்த அமைப்பில் இதற்கேற்ற கருவி, கொல்லன் பட்டறையில் எளிதில் வளைத்துக் கொள்ளக்கூடிய இச்சிறு இரும்பேயாகும். முத்திரை இல்லாமைக்குக் காரணமும் இதுவே. ஷெபீல்டு ஆலையின் பெயரை இதிற் தேடுவோர் ஏமாற்றமடைவர்.

இனி அம்முதியவரின் செய்கைக்கு மீள்வோம். சரிவிலே மேட்டை நோக்கிக் குந்தியிருக்கும் ஒருவர் கருவியைத் தன்பால் இழுக்கும்போது, இழுக்கப்படும் மண் எத்திசையிற் செல்லும்? பள்ளத்தை நோக்கியே செல்லும். ஒவ்வோர் இழுப்பும் மேல்மண்ணைச் சிறிதளவு கீழே தள்ளுகிறது. வேர்ப்பிடிப்பும் இலைமூடாக்கும் இழந்த மண்ணை அடுத்துவரும் மழை கொண்டுபோகிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகள் ஆண்டிற்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழைபெறுபவை. அங்கே மொட்டையடிக்கப்பட்ட சரிவு என்னவாகும் என்பதைக் கூற ஆய்வுகூடம் வேண்டியதில்லை. எனினும் ஆய்வும் கூறியுள்ளது. மண்ணரிப்பை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931இல் வெளியாயிற்று; மண்காப்புச் சட்டம் 1951இல் வந்தது. உயர்நிலத் தேயிலைக் காணிகள் நூறாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மேல்மண்ணை இழந்தன என்பது 1980களில் மண்ணியலாளர் செய்த மதிப்பீடாகும். ஒரு முழத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு! மலையின் செழுமை அவ்வளவிற்குள்ளேதான் இருந்தது.

அம்மண் எங்கே சென்றது? பள்ளத்தாக்குகளின் வயல்களுக்கும் ஆறுகளுக்கும் சென்றது. கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சுமந்துவரும் நீர் லக்சபான நீர்த்தேக்கத்திற் சேர்ந்து, குகைவழியாக இறங்கி, 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. மேலே மலையிற் சுரண்டப்படும் மண் கீழே தேக்கங்களில் வண்டலாகப் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கும் என்பதனை நீரியல் கற்றோர் அறிவர். பரணிற் கிடந்த இரும்பும் பள்ளத்தில் இரையும் மின்நிலையமும் தொடர்பற்றவையாகத் தோன்றுகின்றன. மண்ணின் வழியே நடந்து சென்றால் இரண்டும் ஒரே வரலாற்றின் இரு முனைகள்.

இங்கேதான் இனங்காணல் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாது நியாயத்தின் பாற்பட்ட வினாவாகிறது. மண்ணரிப்புப் பற்றிப் பேசுவோர் சிலர், தொழிலாளர் சுரண்டிகொண்டு மண்ணை வழித்தமையால் மலை பாழாயிற்று என்று எழுதிச் செல்வர். வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். வழித்தவர் தொழிலாளர், ஆகவே பாழாக்கியவரும் தொழிலாளர். கட்டளையிட்ட நிர்வாகம் எங்கே? கொந்தராப்பு எங்கே? ஒரு புல் எஞ்சினால் அன்றைய பேர் அரைப்பேராகிவிடும் என்னும் அச்சம் எங்கே? இலக்கணப்படி கருவி மூன்றாம் வேற்றுமைக்கு உரியது. கருத்தாவும் அவ்வேற்றுமைக்கே உரியது. கருவிக் கருத்தாவையும் ஏவுதற் கருத்தாவையும் வேறுபடுத்த அறியாதவன் இலக்கண வகுப்பிலே தேறமாட்டான். வரலாற்று வகுப்பில் மட்டும் அவன் எங்ஙனம் தேறுகிறான்? சுரண்டி கருவி; அதனைப் பிடித்த கூலிக் கையும் அன்றைய அமைப்பிலே கருவியாகவே கொள்ளப்பட்டது; ஏவியவர் வேறொருவர்.

கண்டிப் பகுதிக் கிராமத்தவரின் இழப்பையும் இவ்விடத்து மறத்தலாகாது. காடு அழிந்தமையாலும் மண் சரிந்தமையாலும் அவர்களுடைய வயல்களும் துன்புற்றன. அவ்விழப்பிற்கான சினம் பலவேளைகளில் இலாபத்தைக் கப்பலேற்றியவர்மீது திரும்பாது, அயலில் உள்ள லயங்கள்மீது திரும்பியது. சுரண்டியை யார் கையில் யார் கொடுத்தார் என்பது தெளிவாகுமாயின், கிராமமும் லயமும் ஒரே அமைப்பினால் நட்டமடைந்த இரு பகுதியினர் என்பதும் தெளிவாகும்.

சுரண்டி, சுரண்டல் ஆகிய இரு சொற்களின் வேர் ஒன்றே என்று கூறி மேடையிற் கைதட்டல் பெறுவது எளிது. அவ்வேர் ஒற்றுமையை யான் மறுக்கவில்லை. ஆயினும் சொல்லொற்றுமையோடு நின்றுவிடுவோமாயின் பெயர்ச்சீட்டு எழுதிய விடுதிக்காரருக்கும் நமக்கும் பெரிய வேறுபாடில்லை. இருவரும் கருவியைத் திருப்பிப் பாராதவர்களே.

நமது குறைக்கு வருவோம். மலையக மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் அரிதின் முயன்று தொகுத்தனர். அப்பாடல்களைப் பாடத்திட்டத்திற் சேர்த்தோம், கட்டுரைகள் எழுதினோம். பாடலை எடுத்துக்கொண்ட நாம், பாடியவர் கையிலிருந்த பொருளை விட்டுவிட்டோம். கவ்வாத்துக் கத்தி, முள்ளு, அலவாங்கு, சுரண்டி என வரும் சொற்களை அடிக்குறிப்பில் "ஒருவகைக் கருவி" என விளக்கிச் சென்ற தொகுப்புரைகள் எத்தனை! எவ்வகை? எத்தொழிலுக்கு? ஆண் பிடித்ததா, பெண் பிடித்ததா? இவ்வினாக்கள் இலக்கியத்துக்குப் புறம்பானவை என்று எண்ணியவர்கள் தொல்காப்பியரை மறந்தவர்கள். நிலத்தின் கருப்பொருள்களுள்ளே தெய்வத்தையும் பறவையையும் மரத்தையும் வைத்த அவரே, மக்கள் செய்யும் தொழிலையும் அவற்றோடு ஒருங்கு வைத்தார். தொழிலை விலக்கிவிட்டுத் திணையைப் பேச முடியாதெனின், கருவியை விலக்கிவிட்டுத் தொழிலை எங்ஙனம் பேசுவது?

பிறநாட்டு மொழியியலாளர் இதனை முன்னரே உணர்ந்தனர். ஆஸ்திரிய மொழியியலாளர் ருடோல்ப் மெரிங்கர் முதலானோர் 1909இல் தொடங்கிய ஆய்விதழுக்குச் "சொற்களும் பொருள்களும்" என்னும் பொருள்படவே பெயரிட்டனர். ஒரு சொல்லின் வரலாறு அச்சொல் குறிக்கும் பொருளின் வரலாறின்றி விளங்காது என்பது அவர்தம் கோட்பாடு. அலவாங்கு என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. மண்வெட்டியோ நம்மிடமிருந்து சென்று துரைமாரின் ஆங்கிலத்தில் மமொட்டி ஆயிற்று. ஒன்றை இன்னொருவர் தந்தனர். ஒன்றை நாம் தந்தோம். கருவிகளின் பெயர்களே இத்தீவின் தொழில் வரலாற்றைச் சுருக்கி வைத்துள்ளன. நம் நாட்டிலேயே ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காக வந்த இடத்தில் கண்டிக் கைவினைஞரின் தொழில்முறைகளை நேரிற் கண்டு, 1908இல் பெருநூலாக வெளியிட்டார். கண்டிக் கைவினைஞருக்குக் கிடைத்த அக்கவனம், அதே மலைகளில் உழைத்த தோட்டத் தொழிலாளரின் கருவிகளுக்குக் கிடைக்கவில்லை. அவை அழகற்றவை, அணி வேலைப்பாடு அற்றவை, அதனாற் கலையல்ல எனக் கருதப்பட்டன போலும்.

நூதனசாலைகளின் நிலை யாது? அந்தானையில் 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. உருட்டும் பொறிகளையும், லூல்கந்தூரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களையும் அங்கே காணலாம். அவற்றைப் பேணுதல் தவறன்று. ஆயின் பொறிக்கு ஆக்கியோன் பெயரும் தோட்டத்திற்கு உரிமையாளன் பெயரும் உண்டு. கைக்கருவிக்கு மட்டும் யார் பெயரும் இல்லை என்னும் வழக்கமே தவறு. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலை, லயமொன்றிலேயே அமைக்கப்பட்டது. அதனைச் செய்தது பல்கலைக்கழகமன்று, ஒரு சமூக அமைப்பு என்பதனை நாம் வெட்கத்தோடு குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இதற்கு எழக்கூடிய மறுப்பு ஒன்றுண்டு. "சுரண்டி மண்ணைக் கெடுத்த கருவி, அது மறைந்தது நன்றே, மறைந்ததை ஏன் தோண்டுகிறீர்?" என்பர். கருவியை மீட்டெடுத்துப் பயன்படுத்துங்கள் என்று யான் கூறவில்லை. ஆயின் அது மறைந்த வரலாற்றையும் அறிந்துகொள்ளுங்கள். சுரண்டியின் இடத்தைக் களைகொல்லி மருந்து பிடித்தது. 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது; 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், மண்ணைக் கெடுக்காது கையாற் களையெடுக்கும் அறிவு திடீரெனத் தேவைப்பட்டது. எந்தப் பூண்டை வேரோடு பிடுங்குவது, புளியாரை போன்ற எந்த மென்பூண்டை மண்ணுக்குப் போர்வையாக விட்டுவைப்பது என்னும் பகுத்தறிவு, நெடுங்காலம் மலையிற் குந்தியிருந்து களையெடுத்தவர்களிடமே இருந்தது. அவர்களை எவரும் வினவவில்லை; வினவப்படாமலே அவர்களுட் பலர் மறைந்துவிட்டனர். கெட்ட கருவியின் வரலாற்றை அறியாதவன் நல்ல கருவியைத் தெரிவுசெய்ய மாட்டான்.

மறைந்தவர்கள் மட்டுமல்லர், அனுப்பப்பட்டவர்களும் உளர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கு ஏற்றுக்கொள்ளுமாறு வகுத்தது. கப்பலேறியோர் தகரப் பெட்டியோடும் பாயோடும் தொழிலறிவையும் கொண்டு சென்றனர். அவர்களுட் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். பொல்பிட்டியவிற் பெயரிழந்த கருவிக்குக் கூடலூரில் ஒரு பாட்டி பெயர் கூறக்கூடும். கடலின் இரு கரையிலும் ஒரே சொல்லைத் தேடவேண்டிய நிலைக்கு நம்மைக் கொணர்ந்தது எது என்பதையும் அத்தேடலின்போதே மாணவர் உணர்வர்.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்த அந்நடை போற்றற்குரியது. நடந்து வந்தவர்கள் வந்துசேர்ந்த பின் எதனைப் பிடித்தார்கள், எப்படிக் குந்தினார்கள், எத்திசையில் இழுத்தார்கள் என்பதை நினைவுகூரும் கடமை எஞ்சியுள்ளது. அது ஊர்வலத்தால் முடிவதன்று, குறிப்பேட்டால் முடிவது.

ஆகவே தமிழ்ச் சங்கத்தின் முன் யான் வைக்கும் வேண்டுகோள் எளியது. மலையகத்திலிருந்து வரும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் வீடு திரும்பும்போது ஒரு கருவியையேனும் பதிவுசெய்து வருதல் வேண்டும். தோட்டத்தில் வழங்கும் பெயர், அளவு, தேய்வின் படம், அதனைப் பிடித்தவர் ஆணா பெண்ணா, எந்த வேலைக்கு, பேருக்கா கொந்தராப்புக்கா, கட்டளை யாருடையது, கருவி எப்போது கைவிடப்பட்டது, அதன் இடத்தை எது பிடித்தது ஆகியவை பதிவில் இடம்பெறல் வேண்டும். அனைத்திற்கும் மேலாக, பிடித்தவரைப் பிடித்துக் காட்டச் சொல்லி அச்செய்கையையும் எழுதுதல் வேண்டும். "ஒருவகைக் கருவி" என்னும் அடிக்குறிப்பு இச்சஞ்சிகையில் இனி ஒருபோதும் அச்சேறலாகாது.

பொல்பிட்டியச் சுரண்டி இப்போது அதன் சொந்தக்காரரிடமே உள்ளது. அதனை நூதனசாலைக்குத் தருமாறு யான் கேட்கவில்லை. பெயர்ச்சீட்டைச் சரியாக எழுதக் கற்றுக்கொண்ட பின்னரே கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும்.